எந்தத் தண்ணீர், எத்தனை மணி நேரம்?
வாசகர் கேள்வி - பதில்: வட இங்கிலாந்தின் இலையுதிர்கால மழை

செப்டம்பர் பிறந்துவிட்டால் வட இங்கிலாந்துக் கடிதங்களில் மழைதான் பேச்சு. நியூகாசில், லீட்ஸ், யார்க், கார்லைல் பக்கம் படிக்கவும் வேலைக்கும் வந்த நம்மவர்கள் கேட்டவற்றில் பத்துக் கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பலவற்றுக்கும் அடியில் இரண்டே விஷயங்கள்தான். உங்கள் வீட்டைத் தொடக்கூடியது எந்தத் தண்ணீர்? அது வந்து சேர எத்தனை மணி நேரம்? ஆற்றுத் தண்ணீருக்குச் செய்யவேண்டிய வேலை வேறு, தெருத் தண்ணீருக்குச் செய்யவேண்டிய வேலை வேறு. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்த வீட்டில் கழிவறைக் கோப்பை வழியாகத் தண்ணீர் ஏறுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் படிக்க வந்தேன். காலையில் பளிச்சென்று வெயில், பத்து மணிக்குச் சாரல், மதியம் குடையைப் பிடுங்கும் காற்று, சாயங்காலம் மறுபடி வெயில். எதை நம்பி வெளியே கிளம்புவது? - மாணவி, நியூகாசில்

பதில்: நம் பருவமழைபோல ஒரே திசைக் காற்று வாரக்கணக்கில் வீசும் ஊர் இல்லை இது. அட்லாண்டிக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள், பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. செப்டம்பரில் வடதுருவப் பக்கம் குளிர ஆரம்பிப்பதால் அந்த ஓட்டம் வலுக்கிறது. கடலோ கோடை முழுக்கச் சூடேறி, வருடத்திலேயே மிக வெதுவெதுப்பாக இருக்கும் நேரம். அதனால் காற்றில் ஈரம் அதிகம். கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்கக் கரையோரம் ஓய்ந்துபோன சூறாவளிகளின் மிச்சமும் சில சமயம் இந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

தாழ்வு ஒன்று கடக்கும்போது வானம் பெரும்பாலும் ஒரு வரிசைப்படிதான் மாறும். முதலில் இறகு மாதிரி மெல்லிய மேகம், சில நாள் சூரியனைச் சுற்றி ஒரு வளையம். பிறகு மேகம் தாழ்ந்து, சாம்பல் நிறமாகி, சில மணி நேரம் விடாமல் சீரான மழை. அடுத்தது தென்மேற்குக் காற்றோடு புழுக்கமான தூறல். அதன் முடிவில் அரைமணி, முக்கால்மணி நேரம் கொட்டித் தீர்க்கும். காற்று சட்டென்று மேற்காகவும் வடமேற்காகவும் திரும்பும். ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து டிகிரி இறங்கிவிடும். உடனே வானம் நீலமாகும். ஏமாறுவது இந்த இடத்தில்தான். நீல வானத்தைப் பார்த்து ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தக் குளிர்காற்றின் பின்னாலேயே காலிஃபிளவர் மாதிரி மேகங்கள் திட்டுத்திட்டாக வரும்: கால்மணி மழை, அரைமணி வெயில், மறுபடி மழை. காற்று வடமேற்காகத் திரும்பிய நாளில் வெயில் அடித்தாலும் ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

செயலியில் ஒரு மணி நேரத்துக்கு 40% என்று இருந்தால், அந்த மணியில் 40% நேரம் மழை பெய்யும் என்று பொருள் அல்ல. இதே நிலைமை பத்து முறை வந்தால் நாலு முறை உங்கள் இடத்தில் மழை இருக்கும் என்பதே கணக்கு. நாளைக்கு என்ன என்று பார்க்க முன்னறிவிப்பு. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மழை ரேடார் படம். ரேடாரில் மேகத்திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குடைக்குச் செலவழிக்கும் காசை ஜாக்கெட்டில் போடுங்கள். 'ஷவர்ப்ரூஃப்' என்பது பத்து நிமிடத் தூறலுக்கு மட்டும். 'வாட்டர்ப்ரூஃப்' என்றும், துணியின் நீர்த்தாங்குதிறன் 10,000 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றும், தையல்களின்மேல் உட்புறம் டேப் ஒட்டியது என்றும் இருக்கவேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது, உடம்புச் சூட்டையும் இழுக்கும். சீக்கிரம் காயும் துணியில் ஒரு கால்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேக் டிஸ்ட்ரிக்ட்டில் கொட்டும் நாளில் யார்க்கில் வெறும் மேகம்தான் இருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன்? - வாசகர், யார்க்

பதில்: மலை மறைவு. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அட்லாண்டிக் காற்று லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கும் கம்ப்ரியா மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிறது. அங்கே கொட்டியது போக மீதிதான் பென்னைன் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே வரும். சீத்வெய்ட் கிராமத்தில் ஆண்டு மழை 3,000 மி.மீ.க்கு மேல். அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கிழக்கே உள்ள யார்க்கில் 600-ஐ ஒட்டியதுதான். சீத்வெய்ட்டுக்குப் பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5-ம் தேதி மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பதிவானது. பிரிட்டனில் 24 மணி நேரத்துக்கு இதுவே அதிகபட்சம்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. தாழ்வு வடகடல் பக்கம் வந்து நகராமல் நின்றால் காற்று கிழக்கிலிருந்து வீசும். அப்போது மறைவு தலைகீழாகி, நார்த்தம்பர்லாந்தும் கிழக்கு யார்க்ஷயரும் நனையும்.

கேள்வி: வெள்ளம் என்றால் டிசம்பர், ஜனவரி என்றுதானே சொல்கிறார்கள்? செப்டம்பரிலேயே பயப்படவேண்டுமா? - வாசகி, மோர்பெத்

பதில்: உங்கள் ஊரே இதற்குப் பதில். 2008 செப்டம்பர் 6-ம் தேதி வான்ஸ்பெக் ஆறு மோர்பெத்துக்குள் புகுந்தது. ஏறத்தாழ ஆயிரம் கட்டடங்களில் தண்ணீர். அந்த வருடக் கோடை ஈரமாக இருந்ததால் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. ஊறிய மண்மேல் விழும் மழை உள்ளே இறங்காது, வழிந்தோடி ஆற்றுக்குப் போய்விடும். அதற்குப் பிறகுதான் ஊருக்குள் சுவர்களை உயர்த்தி, ஊருக்கு மேலே தண்ணீரைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்க ஓர் அணையும் கட்டினார்கள். வேலை 2015-ல் முடிந்தது. 2012 செப்டம்பர் கடைசி வாரத்திலும் வடகிழக்குப் பகுதி இதேபோல் பாதிக்கப்பட்டது.

ஆகவே தேதியைப் பார்க்காதீர்கள். ஆகஸ்ட் எப்படிப் போனது என்று பாருங்கள். ஆகஸ்ட் முழுக்க மழை என்றால் செப்டம்பரில் வரும் சாதாரண மழையே ஆற்றை ஏற்றிவிடும். வறண்ட ஆகஸ்ட் என்றால் ஆற்றுக்கு நல்லது. ஆனால் இறுகிய தரையில் திடீரென்று கொட்டினால் தெருவில் தேங்கும்.

கேள்வி: மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று ஒன்று, ஃப்ளட் அலெர்ட், ஃப்ளட் வார்னிங் என்று இன்னொன்று. தலை சுற்றுகிறது. - செவிலியர், கார்லைல்

பதில்: இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வருபவை. நிறங்களைத் தருவது மெட் ஆபீஸ். அது வானத்தைப் பற்றியது. அலெர்ட், வார்னிங் தருவது என்விரான்மென்ட் ஏஜென்சி. அது ஆற்றையும் கடலையும் பற்றியது.

நிறத்தைத் தீர்மானிப்பது மழையின் அளவு மட்டுமல்ல. எவ்வளவு பாதிப்பு, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் கட்டம் போட்ட ஒரு சிறு அட்டவணையில் வைத்து நிறம் தருகிறார்கள். அதனால் மஞ்சளில் இரண்டு ரகம் உண்டு: 'சின்னத் தொல்லை, கட்டாயம் வரும்' என்பது ஒன்று; 'பெரிய ஆபத்து, வாய்ப்பு குறைவு' என்பது மற்றது. இரண்டாவது ரகம்தான் மறுநாள் ஆம்பராகவோ சிவப்பாகவோ மாறக்கூடியது. எச்சரிக்கையைத் திறந்து, உள்ளே அந்தச் சிறு அட்டவணையில் குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஃப்ளட் அலெர்ட் என்றால் வெள்ளம் வரக்கூடும், தயாராகுங்கள். பொதுவாக இரண்டு மணி முதல் இரண்டு நாள் முன்னால் வரும். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், குழந்தைக்கு வேண்டியவை ஒரு பையில். கார் மேட்டுத் தெருவில். ஃப்ளட் வார்னிங் என்றால் வெள்ளம் வரும் என்றே எதிர்பார்க்கிறார்கள். அரைமணி முதல் ஒரு நாள்தான் அவகாசம். தடுப்புகளைப் போட்டு, சாமான்களை மாடிக்கு ஏற்றி, காஸையும் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். சிவியர் ஃப்ளட் வார்னிங் என்றால் உயிருக்கு ஆபத்து. அப்போது சாமானைத் தொடாதீர்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

உங்கள் போஸ்ட்கோடைக் கொடுத்து இலவசமாகப் பதிவு செய்தால் போன் அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும். இணையம் வராதவர்கள் ஃப்ளட்லைன் 0345 988 1188-ல் கூப்பிட்டுப் பதியலாம். இரவுப் பணியில் போனை அமைதியில் போடுபவர்கள் வீட்டிலுள்ள இன்னொருவர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: இந்த வார்னிங் ஆறு, கடல், சில இடங்களில் நிலத்தடி நீர் ஆகியவற்றுக்குத்தான். மழை கொட்டித் தெருவில் தேங்கும் தண்ணீருக்கு உங்கள் தெருவைக் குறித்து எந்த வார்னிங்கும் வராது. ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மெட் ஆபீஸ் நிறத்தை மட்டுமே நம்பவேண்டியிருக்கும்.

கேள்வி: யார்க்கில் ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறோம். என் தம்பி ஹெப்டன் பிரிட்ஜில் இருக்கிறான். "உங்களுக்கு நாள் கணக்கில் நேரம் இருக்கு, எங்களுக்கு நிமிஷம்தான்" என்கிறான். உண்மையா? - வாசகர், யார்க்

பதில்: தம்பி சொல்வது ஏறக்குறைய சரி. யார்க்கில் ஓடும் ஊஸ் ஆற்றுக்குத் தண்ணீர் வருவது ஸ்வேல், யூர், நிட் ஆறுகளிலிருந்து. மேலே யார்க்ஷயர் டேல்ஸில் பெய்த மழை அகலமான சமவெளியில் பரவி, மெதுவாக இறங்கி, யார்க்கில் உச்சம் தொட பெரும்பாலும் ஒரு நாளாவது ஆகும். யார்க்கில் வெயில் அடிக்கும்போது ஆறு ஏறிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆற்றுமட்டத்தை ஏஜென்சி கால்மணிக்கொரு முறை அளந்து இணையத்தில் போடுகிறது. உங்கள் ஊர் அளவுகோலை மட்டும் பார்க்காமல் மேலே உள்ள ஊர்களின் கோடு இறங்கத் தொடங்கியதா என்றும் பாருங்கள். மேலே இறங்கிய பிறகும் யார்க்கில் சில மணி நேரம் ஏறும்.

ஹெப்டன் பிரிட்ஜ், டாட்மோர்டன், மித்தோம்ராய்ட் ஊர்கள் இருக்கும் கால்டர் பள்ளத்தாக்கு செங்குத்தானது, குறுகலானது. மேலே சதுப்பான மேட்டுநிலம். அடியில் ஆறு, கால்வாய், சாலை, ரயில்பாதை எல்லாம் ஒரே கோட்டில். மலையில் கொட்டியது ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடைவீதியில் நிற்கும். அதனால் அங்கே வெள்ளச் சைரன்கள் இன்னும் இருக்கின்றன. சைரன் கேட்டால் செய்தி பார்க்க உட்காராமல் வேலையைத் தொடங்கவேண்டும்.

யார்க்கில் வீடு பார்ப்பதால் ஃபாஸ் ஆற்றைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபாஸ் சிற்றாறு ஊருக்குள் வந்து ஊஸில் கலக்கிறது. ஊஸ் ஏறும்போது அதன் தண்ணீர் ஃபாஸுக்குள் பின்னோக்கி ஏறிவிடாமல் தடுக்க, கலக்கும் இடத்தில் 1987 முதல் ஒரு கதவு இருக்கிறது. கதவை இறக்கிவிட்டால் ஃபாஸின் சொந்தத் தண்ணீருக்கு வழியில்லை; அதை எட்டுப் பம்புகள் இழுத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் ஊஸில் கொட்டவேண்டும். அவற்றின் திறன் வினாடிக்குச் சுமார் 30 டன். 2015 டிசம்பர் 26-ம் தேதி ஃபாஸில் வந்தது அதைவிட அதிகம். பம்பு நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மின்சாரம் போகும் நிலை வந்தது. மின்சாரம் போய்க் கதவும் இறங்கியே கிடந்தால் இன்னும் மோசம் என்பதால் கதவைத் தூக்கினார்கள். நூற்றுக்கணக்கான கட்டடங்கள் நனைந்தன. பிறகு மின்கருவிகளை உயரத்தில் ஏற்றி, பம்புத் திறனை வினாடிக்கு 50 டன்னாக்கினார்கள். வீடு ஊஸ் பக்கமா ஃபாஸ் பக்கமா என்று முதலில் கேளுங்கள். ஊஸ் பக்கம் என்றால் ஆற்றின் உயரம்தான் கணக்கு. 2000 நவம்பரில் வழக்கமான கோடை மட்டத்துக்கு மேல் 5.4 மீட்டர் ஏறியிருக்கிறது. ஃபாஸ் பக்கம் என்றால் அந்தக் கதவும் பம்பும் கணக்கு.

கேள்வி: மணல் மூட்டை எத்தனை வேண்டும்? எப்படி அடுக்குவது? போன வருடம் அடுக்கியும் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. - வாசகி, மித்தோம்ராய்ட்

பதில்: சாதாரண வெளிக்கதவு ஒன்றுக்கு, 20 செ.மீ. உயரத் தண்ணீரைத் தடுக்கக் குறைந்தது ஆறு மூட்டைகள். மூட்டையை வாய்வரை நிரப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. முழுக்க நிரப்பியது தலையணை மாதிரி உருண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். பாதிக்கு மேல், முக்காலுக்குள் நிரப்புங்கள். எடை 13 முதல் 15 கிலோ வரும். வாயைக் கட்டவேண்டாம், மடித்து மூட்டைக்கு அடியில் செருகுங்கள்.

முதலில் வாசலைப் பெருக்குங்கள். ஒரு குச்சி, ஒரு இலைக்கொத்து இருந்தாலும் அந்த இடம் கசியும். கதவின் அடியிலிருந்து முன்தரை வரை கனமான பாலித்தீன் விரிப்பைப் போட்டு, அதன்மேல் மூட்டைகளைப் படுக்கையாக வைத்து, ஒவ்வொன்றையும் காலால் மிதித்துச் சப்பையாக்குங்கள். இரண்டாம் வரிசை செங்கல் கட்டுவதுபோல முதல் வரிசையின் இணைப்புகளின்மேல் வரவேண்டும். மணல் கிடைக்காவிட்டால் தோட்டத்து மண் போதும்.

இவ்வளவு செய்தாலும் மூட்டை தண்ணீரை நிறுத்தாது, தாமதப்படுத்தும், சேற்றை வடிகட்டும். போன வருடம் உள்ளே வந்த தண்ணீர் அநேகமாகக் கதவு வழியாக வந்திருக்காது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கல் இருக்கும். அதுதான் ஏர்பிரிக், மரத்தரைக்கு அடியில் காற்றோட வைத்தது. தண்ணீர் முதலில் அதன் வழியாகத்தான் போகும். அதற்கென்று மூடி விற்கிறது; எத்தனை செங்கல் என்று இப்போதே எண்ணி வாங்கி, வெள்ளம் வடிந்ததும் கழற்றிவிடுங்கள். கழற்ற மறந்தால் தரைக்கட்டை உளுக்கும். அடுத்தது கழிவுக்குழாய். தெருச் சாக்கடை நிரம்பினால் தண்ணீர் குழாயில் பின்னேறிக் கீழ்த்தளக் கழிவறையிலும் ஷவர் தொட்டியிலும் பொங்கும். பிளம்பரைக் கூப்பிட்டு ஒருவழி வால்வு போடுவது நிரந்தர வழி. அவசரத்துக்கு, ஒரு மூட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கோப்பைக்குள் அழுத்தி வையுங்கள். சிங்க் அடைப்பான்களின்மேல் கனமாக எதையாவது வைத்துவிடுங்கள். வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாயைக் கழற்றி, அந்த வாயையும் அடையுங்கள்.

கையில் பணம் இருந்தால் மூட்டையைவிடக் கதவுப்பலகை மேல். சட்டத்தில் செருகி, ரப்பர் விளிம்பு அழுந்தும்படி திருகுவது. வெயில் நாளில் ஒரு முறை போட்டுப் பழகுங்கள். வெள்ளத்தன்று இருட்டில் திருகாணியைத் தேடி நிற்கக்கூடாது. வெளியே சுமார் 60 செ.மீ.க்கு மேல் ஏறினால் தடுப்பதை விட்டுவிடுங்கள். உள்ளே காலியாக, வெளியே அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அழுத்தம் சாதாரணச் செங்கல் சுவரையே பெயர்க்கும்.

இன்னொன்று. கவுன்சில் மூட்டை தரும் என்று காத்திருக்காதீர்கள், தரவேண்டும் என்று சட்டம் இல்லை. வெள்ளத்தில் நனைந்த மூட்டையில் சாக்கடையும் சேர்ந்திருக்கும். குழந்தைகள் விளையாடும் மணலில் அதைக் கொட்டவேண்டாம்.

கேள்வி: லீட்ஸில் பேஸ்மென்ட் ஃபிளாட் ஒன்று வாடகை குறைவாகக் கிடைக்கிறது. ஆறு ஒரு மைல் தள்ளி. எடுக்கலாமா? - மாணவர், லீட்ஸ்

பதில்: உங்களுக்கு ஆறு பிரச்சினை இல்லை, முற்றம்தான் பிரச்சினை. ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் ஆயிரம் லிட்டர். அது இறங்கும் குழாய் உங்கள் படிக்கட்டுக்கு அடியில் உள்ள ஒரு சிறு சாக்கடை வாயில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயில் நாலு இலை அடைத்தால் போதும்.

அரசின் வெள்ள அபாய இணையப் பக்கத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் ஆறும் கடலும் ஒரு வரியாகவும், 'சர்ஃபேஸ் வாட்டர்' தனி வரியாகவும் வரும். நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டாவது. 'ஹை' என்றால் ஒரு வருடத்தில் 3.3 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, 'மீடியம்' என்றால் 1 முதல் 3.3 வரை, 'லோ' என்றால் 0.1 முதல் 1 வரை. அது அந்த இடத்துக்கான கணக்கு, தரைக்குக் கீழே உள்ள உங்கள் அறைக்கென்று போட்டது அல்ல. பேஸ்மென்ட் என்றால் ஒரு படி கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது மழை நாளாகப் பார்த்துப் போங்கள். சுவரின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் ஈரம் வந்து வந்து காய்ந்திருக்கிறது. ஸ்விட்ச் போர்டு தரையை ஒட்டியிருக்கிறதா? படுக்கையறை ஜன்னல் ஆள் வெளியேறும் அளவுக்குத் திறக்கிறதா? திறக்காவிட்டால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்குத்தான். உங்கள் லேப்டாப்புக்கும் மெத்தைக்கும் நீங்கள்தான் கன்டென்ட்ஸ் பாலிசி எடுக்கவேண்டும். வெள்ள அபாயப் பகுதிகளில் பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போகாதிருக்க 2016 முதல் ஃப்ளட் ரீ திட்டம் இருக்கிறது. வாடகைக்காரர் தன் பொருள்களுக்கு எடுக்கும் பாலிசியும் அதில் வரும். நீங்கள் அதனிடம் போகவேண்டியதில்லை, காப்பீட்டு நிறுவனமே பார்த்துக்கொள்ளும். ஆனால் 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு இது கிடையாது.

கேள்வி: வேலைக்குப் போகும் கிராமச் சாலையில் தண்ணீர் நிற்கிறது. முன்னால் போன கார் கடந்துவிட்டது. நானும் போகலாமா? - பராமரிப்புப் பணியாளர், கம்ப்ரியா

பதில்: வேண்டாம், திரும்புங்கள். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே பல கார்களை நகர்த்திவிடும். வேகமாக ஓடினால் 15 செ.மீ. ஒரு ஆளைத் தள்ளிவிடும். கலங்கிய நீருக்கு அடியில் சாலை அரித்துப்போயிருக்கிறதா, சாக்கடை மூடி தூக்கிக்கிடக்கிறதா என்று தெரியாது.

எஞ்சின் விஷயமும் இருக்கிறது. காற்று இழுக்கும் குழாய் பல கார்களில் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும். எதிரே வரும் வண்டி எழுப்பும் அலை அதற்குள் போனால் போதும். காற்றைப்போலத் தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது முட்டி, இணைப்புத் தண்டு வளையும். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதல் முறை பிழைத்த எஞ்சின்கள் இரண்டாம் முறை சாவியைத் திருப்பும்போது போகின்றன.

சாதாரண ஈரச் சாலையில் முன்வண்டிக்கு நாலு வினாடி இடைவெளி. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கிறது; பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுங்கள்.

கேள்வி: தண்ணீர் வடிந்துவிட்டது. கீழ்த்தளம் முழுக்கச் சேறு. எங்கிருந்து ஆரம்பிப்பது? - வாசகி, கால்டர் பள்ளத்தாக்கு

பதில்: துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் போனை எடுங்கள். ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் அழியாத பேனாவால் கோடு போடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் பேசாமல் எதையும் தூக்கிப் போடவேண்டாம். கெட்டுப்போன சாப்பாட்டை மட்டும் படமெடுத்துவிட்டு எறியலாம். மெயின் ஸ்விட்ச் இருக்கும் இடம் ஈரமாக இருந்தால் தொடவே கூடாது. 105-ஐக் கூப்பிட்டு மின்விநியோகத்தாரிடம் சொல்லுங்கள்.

பேஸ்மென்ட்டில் தண்ணீர் நின்றால் அவசரப்பட்டு இறைக்காதீர்கள். வெளியே நிலத்தில் தண்ணீர் உயரமாக இருக்கும்போது உள்ளே காலி செய்தால் சுவர் உள்வாங்கும். வெளிமட்டம் உள்மட்டத்தைவிட இறங்கிய பிறகே பம்பு போடுங்கள். பெட்ரோல் ஜெனரேட்டரை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வாரி, குழாய்த் தண்ணீரில் கழுவி, பிறகு சுடுநீரும் சோப்பும், கடைசியில் கிருமிநாசினி. அழுக்கின்மேல் கிருமிநாசினி ஊற்றினால் பயனில்லை. பிளீச்சோடு வேறு எந்தக் கழிப்பறைத் திரவத்தையும் கலக்காதீர்கள். கையில் ரப்பர் உறை, காலில் பூட்ஸ். மெத்தை, கார்ப்பெட், சிப்போர்டு அலமாரி போனது போனதுதான். கிரைண்டர், மிக்ஸி கழுவிக் காய்ந்து நன்றாகத் தெரிந்தாலும் மோட்டாருக்குள் சேறு இருக்கும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் பிளக்கில் செருகவேண்டாம். அரிசி, பருப்பு மூட்டையின் அடி நனைந்திருந்தால் மேல்பாதியையும் சேர்த்து எறியுங்கள்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். செங்கல் மாதத்துக்குச் சுமார் 25 மி.மீ. ஆழம் காயும். ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம். ஹீட்டரை 20 - 22 டிகிரியில் சீராக வையுங்கள். வேகவேகமாகச் சூடாக்கினால் பூச்சு வெடிக்கும், மரம் முறுக்கும். ஈரம் உறிஞ்சும் டிஹ்யூமிடிஃபையர் ஓடும்போது ஜன்னலை மூடுங்கள், ஓடாதபோது திறந்து வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து அதை ஓட்டினால் வெளிக்காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஈரமானி வைத்துப் பார்க்காமல் பெயின்ட் அடித்தால் ஆறே மாதத்தில் உரியும்.

கேள்வி: எங்கள் வாசலுக்கு முன்னால் தெருச் சாக்கடை வாய் இலையால் அடைத்திருக்கிறது. நானே எடுக்கலாமா? - வாசகர், டாட்மோர்டன்

பதில்: மேலே கிடக்கும் இலையைக் கையுறை போட்டு, மழை வருமுன் வாரி எடுக்கலாம், வாரியதைத் தோட்டக்கழிவுத் தொட்டியில் போடுங்கள், பக்கத்திலேயே குவித்தால் அடுத்த மழையில் மறுபடி அங்கேயே வரும். இரும்பு மூடியைத் தூக்காதீர்கள். கனம் அதிகம், கீழே குழியும் ஆழம். தெருவில் தண்ணீர் நிற்கும்போது மூடி திறந்திருந்தால் நடந்து வருபவர் உள்ளே விழுவார். இலையை எடுத்த பிறகும் வாளித் தண்ணீர் இறங்காவிட்டால் அடைப்பு அடியில். நெடுஞ்சாலை பராமரிக்கும் கவுன்சிலுக்கு இணையத்தில் இடத்தைக் குறித்துப் படத்தோடு அனுப்பி, அந்தப் புகார் எண்ணை எழுதி வையுங்கள். வாசலுக்கு உட்புறம் உங்கள் எல்லைக்குள் இருக்கும் சாக்கடை வாய் உங்கள் பொறுப்பு. இலை உதிரும் இந்த இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒரு முறை, மஞ்சள் எச்சரிக்கை வந்த நாளில் இன்னொரு முறை பாருங்கள்.